கணினிக் கேள்வி பதில்: எந்த ப்ளேயர், எந்தப் பதிப்பு?

புதிய கல்வியாண்டு தொடங்கும் நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய கணினிப் பாடங்களை இன்றைய மாணவர்களுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இதற்கே பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட பாடங்களைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள் நான். ஒரு பாடத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று தெரியும். அவை திறக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக்கின் மின்னியல் துறையில் 2008 வாக்கில் தயாரித்த மின்மோட்டார் பாடம் ஒன்று இருக்கிறது. படமும் குரலும் சேர்ந்த, ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள். கல்லூரி இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தால் பாடம் வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரிகிறது. 'பழைய ஃப்ளாஷ் ப்ளேயரைப் போட்டால் ஓடும்' என்கிறார் லேப் உதவியாளர். தேடினால் 9, 10, 11, 32 என்று பல பதிப்புகள் கிடைக்கின்றன. மாணவர்களை எதைப் போடச் சொல்லலாம்?
— விரிவுரையாளர், கரூர்

பதில்: எதையும் போடச் சொல்லாதீர்கள். அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் முன்னறிவிப்புக் கொடுத்து, 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, இந்தக் கோப்புகளைப் பிரவுசருக்குள் ஓட்டிக் காட்டிய ஃப்ளாஷ் ப்ளேயரைக் கைவிட்டுவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதன் கடைசிப் பதிப்புகள் எந்தப் படத்தையும் ஓட்டுவதில்லை. தேதியைப் பார்த்துத் தானே நின்றுவிடும்படி அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஜனவரியில் வந்த குரோம் 88, ஃபயர்ஃபாக்ஸ் 85 இரண்டிலும் ஃப்ளாஷுக்கு இருந்த வழியையே எடுத்துவிட்டார்கள். ஆக, நீங்கள் 9-ஐப் போட்டாலும் 32-ஐப் போட்டாலும் இன்றைய பிரவுசருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று கண்ட கண்ட தளங்களில் 'ஃப்ளாஷ் ப்ளேயர் இலவசம்' என்று கிடைப்பது அடோபி தருவது அல்ல. ஃப்ளாஷ் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே 'உங்கள் ப்ளேயர் பழையது, உடனே புதுப்பியுங்கள்' என்ற பொய் அறிவிப்புதான் கணினிக்குள் தீங்கு நிரலை நுழைக்க நினைப்பவர்களுக்கு வசதியான வழியாக இருந்தது. ஆசிரியர் சொல்லித்தான் போட்டோம் என்று ஒரு மாணவர்கூட வந்து நிற்கக் கூடாது.

சரி, பாடத்தை என்ன செய்வது? ஒரு பதிப்பு எண்ணை நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது ப்ளேயரின் எண் அல்ல, உங்கள் கோப்பின் எண்.

ஒரு எஸ்டபிள்யூஎஃப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லாம் கோணல் எழுத்துகளாக இருக்கும், ஆனால் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரியும். எஃப்-டபிள்யூ-எஸ் என்றிருந்தால் சுருக்கப்படாத கோப்பு. சி-டபிள்யூ-எஸ் என்றால் சுருக்கப்பட்டது, ஃப்ளாஷ் 6 முதல் வந்த முறை. இசட்-டபிள்யூ-எஸ் என்றால் இன்னும் பிந்திய காலத்துக் கோப்பு. அதற்கு அடுத்த நான்காவது பைட்தான் பதிப்பு எண். அது நோட்பேடில் தெரியாது. கோப்பின் பைட்களை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஏதாவது ஒன்றில் திறந்தால் 07, 08, 09 என்று நேராகவே தெரியும். 10 என்பது அங்கே 0ஏ என்றும் 11 என்பது 0பி என்றும் இருக்கும்.

8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருங்கள். அந்தப் பாடத்துக்குள் இருப்பது ஃப்ளாஷின் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1 அல்லது 2. ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால், 2 இருக்கலாம், 2006-இல் ஃப்ளாஷ் ப்ளேயர் 9-உடன் வந்த 3-உம் இருக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறு வேறு மொழிகள். அதைப் பார்த்துச் சொல்ல ஜேபெக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை அதில் திறந்தால் படங்கள், ஒலிகள், ஸ்கிரிப்ட்கள் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து வரும். உங்களுடையது 2008 என்கிறீர்கள். அந்த ஆண்டில்கூட எங்கள் குழுவில் பெரும்பாலான பாடங்களை 2-இல்தான் எழுதினோம். கையில் பழகிப்போயிருந்தது, வாடிக்கையாளர்களின் கணினிகளும் பழையவை. உங்கள் பாடமும் அப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஏன் இதைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இன்று ஃப்ளாஷ் பாடங்களை ஓட்டித் தருவது ரஃபிள் என்ற திறந்த மூல எமுலேட்டர், அதாவது ஃப்ளாஷ் ப்ளேயர் செய்த வேலையை அதேபோலச் செய்து காட்டும் மென்பொருள். அது எந்த ப்ளக்-இன்னும் இல்லாமல், பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் வெப்அசெம்ப்ளி வசதியிலேயே ஓடுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரில் தன்னிடம் இருந்த ஃப்ளாஷ் படங்களை மீண்டும் ஓட வைத்ததும் இதைக் கொண்டுதான். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் எழுதியவை ரஃபிளில் கிட்டத்தட்ட அப்படியே ஓடும். 3-இல் எழுதியவற்றில் நிறைய ஓடும், சில இடறும்.

ரஃபிள் மூன்று வகையில் கிடைக்கிறது: பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், கணினியில் நேரே ஓட்டும் செயலி, இணையதளத்திலேயே வைத்துக்கொள்ளும் தொகுப்பு. ஆன்லைன் பாடத்துக்கு மூன்றாவதுதான் சரி. தொகுப்பை உங்கள் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு, பாடம் இருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரி சேர்த்தால் போதும். மாணவர் எதையும் இறக்க வேண்டாம். மொபைலில்கூட ஓடும். ஐபோனில் ஃப்ளாஷ் எந்தக் காலத்திலும் ஓடியதில்லை. ஆண்ட்ராய்டிலும் 2012-லேயே ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, உங்கள் மாணவர்கள் கையில் இருக்கும் போனில் இந்தப் பாடம் ஓடப்போவது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெரும்பாலும் தடுக்கி விழும் இடங்களைச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, சர்வர் அமைப்பில் வெப்அசெம்ப்ளி கோப்புக்கான 'மைம் டைப்' சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இணையதளத்தைப் பராமரிப்பவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

அப்புறம் கோப்பின் பெயர்கள். இந்தப் பாடங்களில் முதன்மைக் கோப்பு ஒன்று இருக்கும், அது ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனிக் கோப்பாக அழைக்கும். சிடியில் விண்டோஸில் ஓடியபோது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கணக்கில் இல்லை. லினக்ஸ் சர்வரில் அது கணக்கு. முதன்மைக் கோப்பு சின்ன எழுத்தில் கேட்கும், ஃபோல்டரில் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், அத்தியாயம் திறக்காது. முகப்பு மட்டும் வந்து உள்ளே போக முடியவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொன்று, உள்ளே அழைக்கப்படும் கோப்பின் பாதை அந்த எச்டிஎம்எல் பக்கம் இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்கிடப்படும். பக்கத்தை ஒரு ஃபோல்டரிலும் பாடத்தை வேறு ஃபோல்டரிலும் வைத்தாலும் இதே தொல்லை வரும்.

மூன்றாவது, ஒலி. ஃப்ளாஷில் குரலை 'ஸ்ட்ரீம்' என்றும் சேர்க்கலாம், 'ஈவென்ட்' என்றும் சேர்க்கலாம். ஸ்ட்ரீம் என்றால் குரலும் படமும் சேர்ந்தே போகும். ஈவென்ட் என்றால் குரல் தன்பாட்டுக்கு ஓடும், படம் தன்பாட்டுக்கு ஓடும். வேகமான கணினியில் வித்தியாசம் தெரியாது. விலை குறைந்த போனில் ஓட்டினால், 'இப்போது ரோட்டார் சுழல்கிறது' என்று குரல் சொல்லி முடித்த பிறகுதான் ரோட்டார் சுழலும். அதனால் உங்கள் மேஜைக் கணினியில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். மாணவர்களிடம் இருப்பதில் பழைய போன் எதுவோ அதில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

பதிப்பைப் பற்றித்தானே கேட்டீர்கள்? ரஃபிளுக்குக் கிட்டத்தட்ட நாள்தோறும் புதிய தொகுப்பு வருகிறது. நீங்கள் சோதித்து எல்லா அத்தியாயமும் ஓடிய தொகுப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 'எப்போதும் புதியது' என்று வெளியிலிருந்து தானாக வரவழைக்காதீர்கள். செமஸ்டர் நடுவில் ஒரு காலை திடீரென்று ஏதோ ஒரு பொத்தான் வேலை செய்யாமல் போனால், என்ன மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. விடுமுறையில் புதியதை எடுத்து, சோதித்து, பிறகு மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பாடத்தைத் தயாரித்தவர்கள் யாராவது இன்னும் துறையில் இருந்தால், எஃப்எல்ஏ கோப்புகள் எங்கே என்று இன்றைக்கே கேளுங்கள். அதுதான் மூலம். அது கிடைத்தால் அடோபி அனிமேட்டில் திறந்து, இன்றைய பிரவுசர் தானே ஓட்டும் எச்டிஎம்எல்5 வடிவில் எடுக்க முடியும். ஸ்கிரிப்ட் பகுதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் மறுபடி எழுத வேண்டியிருக்கும், படங்களும் அசைவுகளும் பெரும்பாலும் பிழைத்துவிடும். பணி ஓய்வு பெற்றவரின் பழைய கணினி ஏலத்தில் போகும்போது இந்தக் கோப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

கேள்வி: எங்களிடம் பழைய ஃப்ளாஷ் பாடங்கள் சிடியில் இருக்கின்றன. எங்கள் பயிற்சி மையத்தில் உள்ள விண்டோஸ் 7 கணினிகளுக்கு இணைய இணைப்பு கிடையாது. அவற்றுக்கும் ரஃபிள்தான் போட வேண்டுமா?
— பயிற்சி மைய நடத்துநர், திருநெல்வேலி

பதில்: முதலில் உங்கள் சிடிக்குள் ஈஎக்ஸ்ஈ கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் சிடியாகக் கொடுத்த பாடங்களை 'ப்ரொஜெக்டர்' என்ற வடிவிலும் எடுப்பார்கள். ப்ளேயர் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். பிரவுசரே வேண்டாம், இரண்டு முறை சொடுக்கினால் ஓடும். நம்பகமான பழைய சிடியாக இருந்து, கணினி இணையத்தில் சேராமலும் இருந்தால் இது போதும்.

ஃப்ளாஷுக்காகப் பழைய ஃபயர்ஃபாக்ஸையோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையோ வைத்திருந்தால், அந்தக் கணினியை எந்நாளும் இணையத்தில் இணைக்காதீர்கள். 'ஒரே ஒரு மெயில் பார்த்துக்கொள்கிறேன்' என்று யார் கேட்டாலும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆலையின் பாதுகாப்புப் பயிற்சி, மதிப்பெண்ணையும் பதிவு செய்யும் ஸ்கார்ம் என்ற பொது வடிவத் தொகுப்பாக, மூடுல் என்ற ஆன்லைன் வகுப்பு மென்பொருளில் இருக்கிறது. ஃப்ளாஷ் பாடம்தான். ரஃபிள் சேர்த்த பிறகு சில பாடங்கள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் மதிப்பெண் பதிவாகவில்லை. இரண்டு பாடங்களில் 'உங்கள் ப்ளேயர் பழையது, பதிப்பு 8 அல்லது அதற்கு மேல் தேவை' என்று மட்டும் வருகிறது. இல்லாத ப்ளேயரை எப்படிப் புதுப்பிப்பது?
— மனிதவளப் பிரிவு அலுவலர், கோவை

பதில்: இரண்டாவது பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது எளிது.

ஃப்ளாஷ் பாடம் இருக்கும் பக்கத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் காவலுக்கு நிற்கும். பிரவுசரில் ஃப்ளாஷ் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று பார்த்து, போதுமான பதிப்பு இல்லையென்றால் பாடத்தை விடாமல் அறிவிப்பைக் காட்டும். ரஃபிள் தன்னை ஃப்ளாஷ் 32 என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது, ஒழுங்காக எழுதிய காவல் ஸ்கிரிப்ட் அதை விட்டுவிடும். ஆனால் ப்ளேயர் 9 வரை ஒற்றை இலக்கமாக இருந்த காலத்தில் எழுதிய சில ஸ்கிரிப்ட்கள் பதிப்பின் முதல் இலக்கத்தை மட்டும் படிக்கும். 32 என்று வந்தால் 3 என்று எடுத்துக்கொண்டு, 8 வேண்டுமே என்று மறித்துவிடும். உங்கள் பாடம் 8 கேட்கிறது என்பதால் என் சந்தேகம் அதன்மேல்தான். ஸ்கார்ம் தொகுப்பு என்பது ஒரு ஜிப் கோப்புதான். பிரதி எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்து, பாடத்தைத் திறக்கும் எச்டிஎம்எல் பக்கத்தில் இந்தச் சோதனையை நீக்கிவிட்டு மறுபடி ஜிப் செய்யச் சொல்லுங்கள். ஜிப் செய்யும்போது 'ஐஎம்எஸ் மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பு முதல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்விட்டால் மூடுல் தொகுப்பை ஏற்காது.

இப்போது மதிப்பெண். ஃப்ளாஷ் பாடம் மூடுலிடம் நேரடியாகப் பேசுவதில்லை. பாடம் முதலில் தான் இருக்கும் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டிடம் சொல்லும், அது ஸ்கார்மின் ஏபிஐ என்ற இணைப்பு நிரலைத் தேடிப் பிடித்து அதனிடம் சொல்லும், அது மூடுலில் எழுதும். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க, பாடத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, கன்சோலைப் பார்த்துக்கொண்டே ஒரு தேர்வை முடியுங்கள். சிவப்பில் பிழை வந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் தொழில்நுட்ப ஆளுக்கு அதுவே பாதி வேலை.

ஃப்ளாஷ் 8-இல் வந்த 'எக்ஸ்டர்னல் இன்டர்ஃபேஸ்' வழியாகப் பேசும் பாடங்கள் ரஃபிளில் பொதுவாகப் பேசிவிடுகின்றன. அதற்கும் முந்தைய 'எஃப்எஸ் கமாண்ட்' வழியாகப் பேசியவற்றில்தான் சிக்கல் அதிகம். அந்தப் பக்கங்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென்றே எழுதிய விபிஸ்கிரிப்ட் வரிகள் இருக்கும். இன்றைய பிரவுசர் எதிலும் அவை ஓடாது. அந்த இணைப்பு வரிகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுக்க, ஸ்கார்ம் தெரிந்த ஒருவர் வேண்டும். பெரிய வேலை இல்லை. ஒரு பாடத்துக்குச் செய்துவிட்டால் அதே நிறுவனம் தயாரித்த மற்ற பாடங்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

இன்னொரு விஷயம்: தொழிலாளி பாடத்தைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் தொடரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கிறதா? ஸ்கார்ம் 1.2-இல் 'எதுவரை படித்தார்' என்ற குறிப்புக்கு 4,096 எழுத்துகள்தான் இடம். நீளமான பாடத்தில் அது நிரம்பி வழிந்து, குறிப்பு வெட்டுப்பட்டுவிடும். ரஃபிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாடத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களுடையது பாதுகாப்புப் பயிற்சி. யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பது காகிதக் கணக்கு மட்டுமல்ல, இயந்திரத்தின் முன் நிற்கும் ஒருவரின் கை விரல் சம்பந்தப்பட்டது. மதிப்பெண் ஒழுங்காகப் பதிவாகிறது என்று உறுதியாகும் வரை அந்தப் பாடங்களுக்கு நேரடி வகுப்பு நடத்தி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். சிறுவர்களுக்கான தமிழ்ப் பாடம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து ஃப்ளாஷில் செய்திருந்தோம். ஓட்டினால் தமிழ் அழகாகத் தெரிகிறது. ஆனால் புதிதாகச் செய்வதற்காக எழுத்துகளைப் பிரித்து எடுத்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. வேறு பதிப்பு ப்ளேயரில் எடுத்தால் சரியாகுமா?
— மட்டக்களப்பு வாசகர்

பதில்: ஐயா, ப்ளேயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பாமினியில் 'அம்மா' என்ற சொல் கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் இருக்கும். எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் தருகிறது. பாடத்துக்குள் எழுத்துருவையும் சேர்த்துப் பொதித்து வைத்ததால் ஓட்டும்போது தமிழாகத் தெரிகிறது, பிரித்து எடுத்ததும் எழுத்துரு கழன்றுவிடுகிறது.

வேறு வழியும் அப்போது இல்லை. ஃப்ளாஷ் ப்ளேயர் 10 வரும் வரை, அதாவது 2008 வரை, யூனிகோட் (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழைக் கொம்பும் காலும் சரியாகச் சேர்த்துக் காட்ட ஃப்ளாஷால் முடியாது. அதனால் இங்கே தமிழ்நாட்டில் நாங்களும் டாம், டாப் எழுத்துருக்களில்தான் செய்தோம். நீங்கள் எடுத்த குப்பையை எறிந்துவிடாதீர்கள், அது முழுப் பாடம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அதில் ஒட்டினால் தமிழாகிவிடும்.

மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்த வேண்டும், அதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுவோம். யூனிகோடில் வரிசை தலைகீழ். கருவிகள் இதைப் பெரும்பாலும் சரியாகத் திருப்பிவிடும். தடுமாறுவது ஔகாரத்தில்தான். 'கௌ' என்பதில் பின்னால் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பாமினியில் ஒரே விசை. அதனால் 'கௌரவம்' என்பது 'கெ'வும் 'ள'வும் சேர்ந்த 'கெளரவம்' ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பான் தப்பாகப் படிக்கும். சிறுவர் பாடம் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். 'மௌனம்', 'பௌர்ணமி' போன்ற சொற்களைத் தேடித் தேடிச் சரிசெய்யுங்கள். அரவுக்கும் ('ா' குறிக்கும்) ரகரத்துக்கும் இடையிலும் குழப்பம் வரலாம், காலில்லாத ரகரம் போட்டே பழகிய கைகள் பல உண்டு.

படங்களையும் குரலையும் ஜேபெக்ஸ் கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குரல் எம்பி3-ஆக வந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப மாற்றினால் தரம் போய்விடும். மட்டக்களப்புத் தமிழில் பதிவான குரல் என்றால் அதைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம்.

கேள்வி: டியூஷன் வகுப்புகளை வீடியோவாக வைத்திருக்கிறேன். பழையவை ஃப்ளாஷ் வீடியோ வடிவமான எஃப்எல்வி, புதியவை எம்பி4. மாணவர்களை விஎல்சி ப்ளக்-இன் போடச் சொல்வதா, குயிக்டைமா?
— கணித ஆசிரியை, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016-லேயே கைவிட்டது. பிரவுசருக்கான விஎல்சி ப்ளக்-இன் வேலை செய்யும் வழியை குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் மூடிவிட்டன. எச்.264 முறையில் சுருக்கிய படமும் ஏஏசி முறையில் சுருக்கிய ஒலியும் கொண்ட எம்பி4 எந்தப் பிரவுசரிலும் எந்தப் போனிலும் நேராக ஓடும்.

எஃப்எல்வி கோப்புகளை எம்பி4-ஆக மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் போதும். மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2007 கடைசியில் வந்த ஃப்ளாஷ் 9-இன் மேம்பாட்டுக்குப் பிறகு எடுத்தவற்றில் எச்.264 முறையே இருக்கலாம். அப்படியென்றால் உறையை, அதாவது வெளிக் கோப்பு வடிவத்தை, மட்டும் மாற்றினால் போதும், 'காப்பி' முறையில் சில விநாடிகளில் தரம் குறையாமல் முடிந்துவிடும். அதற்கு முந்தைய சோரன்சன், விபி6 வகை என்றால் முழுவதும் மறுபடி குறியாக்க வேண்டும். எப்படி மாற்றினாலும் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கோப்பின் அட்டவணை கடைசியில் இருக்கும், நெட் மெதுவாக உள்ள வீட்டில் வீடியோ தொடங்கவே நேரமாகும்.

அளவைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். 45 நிமிட வகுப்பை விநாடிக்கு 2,500 கிலோபிட்டில் வைத்தால் கிட்டத்தட்ட 840 எம்பி வரும். கரும்பலகை வகுப்பில் படம் பெரிதாக அசைவதில்லை. படமும் ஒலியும் சேர்த்து 400 கிலோபிட்டில் வைத்தால் 135 எம்பிதான். அப்பா போனில், ஒரு நாளைக்கு ஒன்றோ ஒன்றரையோ ஜிபி டேட்டாவில், அண்ணன் தங்கை இருவரும் படிக்க வேண்டிய வீட்டில் அந்த வித்தியாசம் பெரிது. பலகை எழுத்து தெளிவாக இருந்தால் 480பி போதும். மிச்சம் பிடிப்பதைக் குரலில் பிடிக்காதீர்கள். ஐநூறு ரூபாய் காலர் மைக் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: இயற்பியல் பாடத்துக்கு, பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரல்களான ஜாவா ஆப்லெட்களைப் பயன்படுத்தி வந்தேன். எந்த ஜாவா பதிப்பு போட்டால் பிரவுசரில் ஓடும்?
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: எதுவும் ஓடாது, பிரவுசர்கள் அந்த ப்ளக்-இன்னை விட்டுவிட்டன. நீங்கள் பயன்படுத்தியவை கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாடங்களாக இருந்தால், அவர்களே பெரும்பாலானவற்றை எச்டிஎம்எல்5-இல் புதிதாக எழுதிவிட்டார்கள். கணித மென்பொருளான ஜியோஜீப்ராவும் அப்படித்தான் மாறிவிட்டது. அதே பெயரில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: புதிதாக ஆன்லைன் பாடம் தயாரிக்கப் போகிறேன். பத்து வருடம் கழித்து இதே நிலை எனக்கும் வராமலிருக்க எந்தக் கருவி நல்லது?
— பொறியியல் பட்டதாரி, ஓசூர்

பதில்: மூடுல் வைத்திருக்கும் பள்ளி, கல்லூரிக்கு என்றால் எச்5பி என்ற பாடம் தயாரிக்கும் கருவியில் தொடங்குங்கள். இலவசம், மூடுல் 3.9 முதல் உள்ளேயே இருக்கிறது. கேள்வி பதில், வீடியோவுக்கு நடுவில் கேள்வி, இழுத்துப் பொருத்துவது எல்லாம் செய்யலாம். செய்த பாடத்தை வேறொருவர் திறந்து திருத்தவும் முடியும், எனக்கு அதில் மிகப் பிடித்தது அதுதான். நிறுவனப் பயிற்சிக்கு என்றால் அவர்கள் ஸ்டோரிலைன் போன்ற கட்டணக் கருவி கேட்பார்கள். அதுவும் நல்ல கருவிதான், ஆனால் வேலை முடிந்ததும் வெளியீட்டுத் தொகுப்பை மட்டும் கொடுக்காமல் மூலக் கோப்பையும் வாடிக்கையாளரிடம் கொடுப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்தக் கருவியானாலும் பாடத்தின் உரையை யூனிகோடில் ஒரு தனிக் கோப்பாகவும், குரலை வெட்டாத மூலப் பதிவாகவும், படங்களைப் பெரிய அளவிலும் ஒரே ஃபோல்டரில் வைத்து, எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில் செய்தீர்கள் என்று ஒரு சிறு குறிப்பும் எழுதி வையுங்கள். அந்த ஃபோல்டருக்கு இரண்டு பிரதி வேண்டும், ஒன்று உங்கள் கணினியில் இல்லாமல் வேறு இடத்தில்.